ஐசிங் போட்ட கிறிஸ்துமஸ் பிஸ்கட்: நட்சத்திரம் இட்லி ஆகிவிட்டது, யாராவது வழி சொல்லுங்கள்

நொய்யல்
டிசம்பர் 12, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தட்டு நிறைய கேக்கும் அச்சு முறுக்கும் கொடுத்துவிடுவார்கள். தீபாவளிக்கு நாங்கள் கொடுக்கிறோமே, கணக்கு சரியாகிவிடும் என்று இத்தனை வருடம் இருந்துவிட்டோம். இந்த முறை நாலாவது படிக்கும் மகள் பிடித்துக்கொண்டாள். "அவங்க பண்டிகைக்கு நாமளும் ஏதாவது செஞ்சு தரலாமேம்மா" என்றாள். கைபேசியில் பார்த்த படத்தையும் காட்டினாள். நட்சத்திரம், மரம், தாத்தா முகம் என்று வெட்டி, மேலே வெள்ளையும் சிவப்புமாக வழவழவென்று சர்க்கரைப் பூச்சு போட்ட பிஸ்கட்.

நேற்று ஒரு ஈடு போட்டுப் பார்த்தேன். ஓடிஜி என்கிற சின்ன மின்அடுப்புக்குள் போகும்போது ஐந்து முனையோடு இருந்த நட்சத்திரம் வெளியே வரும்போது இட்லி மாதிரி வந்தது. மரத்துக்கும் மணிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சரி, ஐசிங் போட்டால் மறைந்துவிடும் என்று போட்டேன். இன்று இரவு வரை காயவில்லை, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. தாத்தாவின் குல்லாச் சிவப்பு தாடிக்கு இறங்கி, வெற்றிலை போட்டவர் மாதிரி இருக்கிறார். மகள் சிரித்தாள், எனக்குத்தான் அழுகை வந்தது.

24ஆம் தேதிக்குள் பக்கத்து வீட்டுக்கும் மகள் வகுப்புக்கும் சேர்த்து 60 வேண்டும். ஒரு விஷயம், வீட்டுக்காரர் மலைக்கு மாலை போட்டிருக்கிறார். ஜனவரி வரை வீட்டுக்குள் முட்டை வராது.

பேக்கரி மாப்ள
டிசம்பர் 12, இரவு 10.05

என்ன வெண்ணெய், என்ன சர்க்கரை, மாவைத் தேய்த்ததும் வெட்டினீர்களா, கலர் திரவமா பசையா, இதைச் சொல்லுங்க அக்கா. அப்புறம் பேசலாம்.

நொய்யல்
டிசம்பர் 12, இரவு 10.31

வெண்ணெய் ஊத்துக்குளி. அம்மா வீடு அங்கேதான், அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை வெண்ணெய், தண்ணீரில் போட்டு வைத்திருந்தது. சர்க்கரை நாம் காபிக்குப் போடுவதுதான், அப்படியே போட்டேன். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. முட்டைக்குப் பதில் பால். மாவு பிசைந்ததும் தேய்த்து வெட்டிவிட்டேன். கலர் சின்ன பாட்டிலில் வரும் திரவம். ஐசிங்குக்கு மிக்சியில் பொடித்த சர்க்கரை, பால். நேற்று முழுக்க தூறல்.

பேக்கரி மாப்ள
டிசம்பர் 12, இரவு 11.20

எங்கள் மாமா பெருந்துறையில் பேக்கரி வைத்திருந்தார், எட்டு வருடம் அங்கே பலகையில் நின்றவன் நான். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் பிரச்சினை எல்லாமே தண்ணீர் அக்கா.

ஊத்துக்குளி வெண்ணெயின் மணத்துக்கு ஈடு கிடையாது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பாக்கெட்டில் வரும் டேபிள் வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, ஈரம் 16 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அரசு அளவு இருக்கிறது. நாட்டு வெண்ணெய்க்குக் கொழுப்பு 76 இருந்தால் போதும். அதையும் தண்ணீரில் மிதக்கவிட்டு எடுத்தால் உள்ளே இன்னும் கொஞ்சம் ஒளிந்திருக்கும். மைதாவில் அந்தத் தண்ணீர் சேர்ந்தால் மாவு இழுவை பிடிக்கும், பிஸ்கட் கடினமாகும். அடுப்பில் அதே தண்ணீரில் சர்க்கரை கரைந்து பரவும்.

செய்ய வேண்டியது இதுதான். வெண்ணெயைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஒரு தாம்பாளத்தில் போட்டு உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிசையுங்கள். முத்து முத்தாகத் தண்ணீர் வெளியே வரும், வடித்துவிட்டு மறுபடி பிசையுங்கள். அது நின்ற பிறகு எடை போடுங்கள். தண்ணீரோடு எடை போட்டால் 225 கிராம் என்று நினைத்து 200தான் போடுவீர்கள்.

இரண்டாவது சர்க்கரை. நம் ஊர்ச் சர்க்கரைப் பரல் பெரிசு. வெண்ணெயில் கரையாமல் நின்று, அடுப்பில் பாகாக உருகி ஓடும். மிக்சியில் பொடித்துப் போடுங்கள். மூன்றாவது, வெட்டிச் சுடும் பிஸ்கட்டுக்கு பேக்கிங் பவுடரே வேண்டாம். உப்பினால் முனை மழுங்கத்தான் செய்யும்.

எங்கள் கடையில் பாதி வெண்ணெய், பாதி வனஸ்பதி போடுவோம். வனஸ்பதி சீக்கிரம் உருகாது, உருவம் கச்சிதமாக நிற்கும். அவசரம் என்றால் அதுவும் ஒரு வழி.

மஞ்சக்காடு
டிசம்பர் 13, காலை 6.15

ஏனுங்க, இத்தனை பாட்டுக்கு நாலு கச்சாயம் (வெல்லப் பணியாரந்தான்) சுட்டுக் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம் என்றா சொல்லப் போகிறார்? கச்சாயம் இட்லி மாதிரி இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

சிங்கை அம்மிணி
டிசம்பர் 13, காலை 10.50

மஞ்சக்காடு அண்ணா, கச்சாயத்தில் தாத்தா முகம் வரைந்து காட்டுங்கள், நாங்கள் எல்லாரும் மாறிவிடுகிறோம்.

மாப்ள தம்பி சொன்ன எல்லாவற்றுக்கும் சரி, வனஸ்பதிக்கு மட்டும் இல்லை. வனஸ்பதியில் இருக்கும், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டம் வந்துவிட்டது, முன்பு இருந்த பயம் இப்போது அவ்வளவு இல்லை. என் சண்டை சுவைக்கு. வாயில் போட்டால் மேலண்ணத்தில் மெழுகு ஒட்டிய மாதிரி நிற்கும். கடையில் 500 போடுகிறவருக்கு அது தேவை. பக்கத்து வீட்டுக்கு 60 போடுகிற உங்களுக்கு எதற்கு? வெண்ணெய் இருக்கிறது, ஃப்ரிட்ஜ் இருக்கிறது.

சிங்காநல்லூரில் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். என் அளவு சொல்கிறேன், 6 செ.மீ. நட்சத்திரம் 40 வரும். வெண்ணெய் 225 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், மைதா 400 கிராம், வெனிலா எசன்ஸ் 2 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பு சேர்த்த மஞ்சள் வெண்ணெய் என்றால் இந்த உப்பு வேண்டாம். முட்டை போடுகிறவர்கள் ஒன்று. உங்களுக்குப் பால், அதுவும் 30 மி.லி.யில் ஆரம்பித்து, மாவு சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். வெண்ணெயும் சர்க்கரையும் கலந்தால் போதும், கேக்குக்கு மாதிரி நுரைக்க நுரைக்க அடிக்காதீர்கள். உள்ளே போன காற்றும் அடுப்பில் வெளியே வரப் பார்க்கும்.

பிசைந்ததும் உடனே தேய்க்கலாம், தப்பில்லை. இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, இரண்டு பக்கமும் மகளின் பென்சில்களைப் போட்டு அவற்றின் மேல் பூரிக்கட்டையை உருட்டுங்கள். பென்சில் சுமார் 7 மி.மீ. கனம், பிஸ்கட்டும் எல்லா இடத்திலும் அதே கனமாக வரும். தேய்த்த தாளை அப்படியே ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெட்டி, தட்டில் அடுக்கி, ஃப்ரீசரில் 15 நிமிடம். கல் மாதிரி ஆனதும் நேராகச் சூடான ஓடிஜிக்குள். வெண்ணெய் உருகுவதற்குள் மாவு பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

175 டிகிரி, 10லிருந்து 12 நிமிடம். ஓரம் லேசாக நிறம் மாறும்போது எடுத்துவிடுங்கள். நடுவில் வேகாத மாதிரிதான் தெரியும், தட்டிலேயே ஆறட்டும். ஓடிஜியின் முள் சொல்லும் சூட்டை நம்பாதீர்கள். ஒருமுறை தட்டு முழுக்க பிரெட் துண்டு பரப்பி வைத்துப் பாருங்கள், எந்த மூலை முதலில் கருகுகிறது என்று காட்டிக்கொடுக்கும். என்னுடையதில் வலது பின்மூலை.

போத்தனூர் ஆன்ட்டி
டிசம்பர் 13, மதியம் 3.30

அம்மிணி சொல்லும் பென்சில் யோசனை எனக்குப் புதிது, இத்தனை வயதுக்கு அப்புறம் கற்றுக்கொள்கிறேன்.

நான் போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். எங்கள் வீடுகளில் டிசம்பர் வந்தால் கல்கல் (சிப்பி மாதிரி சுருட்டிப் பொரிக்கும் இனிப்பு), ரோஸ் குக்கி (நீங்கள் சொல்லும் அச்சு முறுக்குதான்), கேக்குக்குப் பழம் ஊறவைப்பது, இதெல்லாம் உண்டு. வீட்டில் அவன் கிடையாது. மாவையும் வெண்ணெயையும் சர்க்கரையையும் தூக்கில் எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போவோம். ரொட்டி எல்லாம் சுட்டு முடித்து, அடுப்புச் சூடு தணியும்போது எங்கள் தட்டை உள்ளே தள்ளுவார்கள். யார் வீட்டுத் தட்டு என்று தெரிய ஓரத்தில் ஒரு கீறல் போட்டிருப்போம். என் அப்பா எங்கள் தட்டில் 'அ' என்று ஆணியால் கீறியிருந்தார், அந்தத் தட்டு இன்னும் இருக்கிறது.

நீ செய்யும் இந்த வெட்டுப் பிஸ்கட்டின், அதாவது சுகர் குக்கியின், பூர்வீகம் கேட்டால், 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து போன மொராவிய கிறிஸ்தவர்கள் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத்தில் செய்த பிஸ்கட் என்று சொல்வார்கள். நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் இல்லை. என் சின்ன மருமகள் அந்த ஊர்க்காரி, இதைச் சொன்னபோது, "எங்க ஊரிலா!" என்று ஒரு நிமிடம் பெருமைப்பட்டுவிட்டாள், பாவம்.

நொய்யல் கண்ணு, ஒன்று கேட்கிறேன். சுட்ட சூட்டோடு ஐசிங் போட்டாயா?

நொய்யல்
டிசம்பர் 13, மாலை 4.10

ஆமாம் ஆன்ட்டி. கை பொறுக்கும் சூடு இருந்தது.

போத்தனூர் ஆன்ட்டி
டிசம்பர் 13, மாலை 4.25

அதுதான். இன்று சுடு, நாளை பூசு. இராத்திரி முழுக்கத் தாளின் மேல் கிடக்கட்டும், கசியும் வெண்ணெயைத் தாள் குடிக்கும். அவசரப்பட்டால் அது ஐசிங்கில் ஏறி எண்ணெய்ப் பலகாரம் வைத்த காகிதம் மாதிரி திட்டுத் திட்டாகத் தெரியும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
டிசம்பர் 13, இரவு 8.00

காரமடையில் வேதியியல் நடத்தியவன். சமையல் தெரியாது, வீட்டில் கேட்டால் சாட்சி சொல்வார்கள். ஐசிங் ஏன் காயவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

சர்க்கரை ஈரத்தை இழுக்கும் பொருள். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நிற்கும். காற்றே ஈரமாக இருக்கும்போது உங்கள் ஐசிங்கின் தண்ணீர் எங்கே போகும்? காய்வதற்குப் பதில் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் வைத்தால் காய்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் குளிர்ந்த பரப்பில் பனித்துளி மாதிரி நீர் கோக்கும், கலர் ஓடும். ஃபேனுக்கு அடியில் வையுங்கள், ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது.

சிவப்பு வழிந்ததற்குத் திரவக் கலர் ஒரு காரணம். நிறம் போதவில்லை என்று சொட்டுச் சொட்டாக விட்டிருப்பீர்கள், ஒவ்வொரு சொட்டும் தண்ணீர்தான். பசையாக வரும் ஜெல் கலர் வாங்குங்கள். சிவப்பை வேண்டியதற்கு ஒரு படி குறைவாகக் கலந்து இரண்டு மணி நேரம் மூடி வைத்தால் தானே கருத்துவரும்.

மஞ்சக்காடு
டிசம்பர் 13, இரவு 8.22

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள், வாத்தியார் கடைக் கலரை வாங்கச் சொல்கிறார். ஆலத்தி சுற்றும்போது மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவப்பாகிறதே, அந்த மாதிரி பண்ண முடியாதா?

ஓய்வுபெற்ற வாத்தியார்
டிசம்பர் 13, இரவு 8.50

நல்ல கேள்வி. 30 வருடம் வகுப்பில் அதைத்தான் செய்து காட்டினேன். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பு மாதிரி காரப்பொருள் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் மறுபடி மஞ்சளாகும். ஐசிங்கில் சமையல் சோடா போட்டால் சிவப்பு வரும், வாயில் வைக்க முடியாது. எலுமிச்சை பிழிந்தீர்களானால் திரும்ப மஞ்சள். ஆகவே நட்சத்திரத்துக்கு உங்கள் மஞ்சள் ஒரு சிட்டிகை தாராளமாகப் போடலாம், வெயில் படாமல் வைத்தால் நிறம் நிற்கும். தாத்தா குல்லாவுக்கு பீட்ரூட்டைத் துருவிக் காயவைத்துப் பொடித்தால் நல்ல அடர்ந்த ரோஸ் வரும், நெருப்புச் சிவப்பு வராது. சாறாக ஊற்றினால் மறுபடி தண்ணீர்.

சிங்கை அம்மிணி
டிசம்பர் 14, காலை 11.05

முட்டை இல்லாத ஐசிங்குக்கு வருகிறேன். மூன்று வழி இருக்கிறது.

ஐசிங் சர்க்கரை 250 கிராமில் பால் 2 மேசைக்கரண்டி, லிக்விட் குளுக்கோஸ் ஒரு மேசைக்கரண்டி. பளபளப்பு நன்றாக வரும், கடித்தால் மெத்தென்று இருக்கும். ஆனால் கல்லாகக் காயாது, ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாது. வகுப்புக்குக் கொண்டுபோவது கஷ்டம்.

பட்டர்கிரீம் இன்னொன்று. வெண்ணெய் ஒரு பங்கு, ஐசிங் சர்க்கரை இரண்டு பங்கு. சாப்பிட இதுதான் எனக்குப் பிடிக்கும், அமெரிக்காவில் பல வீடுகளில் இதைத்தான் தடவுகிறார்கள். மேலே பொள்ளாச்சிப் பக்கத்து உலர் தேங்காய்ப்பூ தூவினால் பனி கொட்டிய மாதிரி இருக்கும். பச்சைத் தேங்காய்த் துருவல் போட்டுவிடாதீர்கள். இதையும் அடுக்க முடியாது.

மூன்றாவது ராயல் ஐசிங், காய்ந்து கெட்டியாகும் வகை. வழக்கமாக முட்டை வெள்ளைக்கருவில் செய்வது. மாலை போடாத வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பச்சை முட்டை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நல்லதில்லை. வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கலக்கி 71 டிகிரி வரை ஏற்றிவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் மெரிங் பவுடர் (பதப்படுத்திய முட்டை வெள்ளைப் பொடி) வாங்குங்கள். நொய்யல், உங்களுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். சிரிக்காதீர்கள். பிரான்ஸ்காரர் ஒருவர் 2014இல் கண்டுபிடித்தது, முட்டை வெள்ளை மாதிரியே நுரைக்கும்.

மஞ்சக்காடு
டிசம்பர் 14, காலை 11.30

சாமிக்கு சுண்டல், தாத்தாவுக்கு சுண்டல் தண்ணீர். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கோலமாவு
டிசம்பர் 14, மதியம் 1.15

கோபியிலிருந்து. நான் மருதாணி போடுகிறவள், பிஸ்கட்டும் வரைகிறேன். பைப்பிங் பை வாங்காதீர்கள். கெட்டி பால் கவரைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவைத்து, மருதாணிக் கோன் மாதிரியே சுருட்டி டேப் ஒட்டுங்கள். நுனியை ஊசி அளவு மட்டும் வெட்டுங்கள். பெரிதாக வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது, இன்னொரு கோன்தான்.

இரண்டு பதம் வேண்டும். ஓரக்கோடு போட பற்பசைப் பதம். உள்ளே நிரப்ப இளகிய பதம். கரண்டியால் எடுத்து ஐசிங் மேலேயே கோடாக ஊற்றிப் பாருங்கள், பத்து பதினைந்து எண்ணுவதற்குள் கோடு மறைந்து சமமாகிவிட்டால் சரி. ஐந்துக்குள் மறைந்தால் நீர்த்துவிட்டது, சர்க்கரை சேர்க்க வேண்டும்.

கோடு போடும்போது கோனைப் பிஸ்கட்டில் தேய்க்காதீர்கள். கம்பிக் கோலம் போடும்போது மாவு விரலிலிருந்து விழத்தானே செய்கிறது, நாம் தரையைக் கீறுவதில்லையே. ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து இழையை விழவிட்டு, போக வேண்டிய இடத்துக்குக் கையை நகர்த்துங்கள். உங்கள் மகளிடம் கொடுத்துப் பாருங்கள். மார்கழி பிறக்கப் போகிறது, எப்படியும் விடியற்காலையில் வாசலில் பழகத்தான் போகிறாள்.

வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு வரும் இடத்தில் ஒன்றைப் போட்டு இராத்திரி முழுக்கக் காயவிட்டு மற்றதைப் போடுங்கள். தாடி கடைசியில்.

குன்னூர் குளிர்
டிசம்பர் 14, இரவு 7.40

உங்கள் எல்லாருக்கும் வெண்ணெய் உருகுகிறது என்று கவலை. எனக்கு வெண்ணெய் இளகவே இளகாது. மாவைத் தேய்த்தால் ஓரமெல்லாம் வெடிக்கிறது. இத்தனைக்கும் சுட்டால் பரவுகிறது! ஃப்ரிட்ஜே தேவையில்லாத ஊரில் ஏன் பரவ வேண்டும்?

ஓய்வுபெற்ற வாத்தியார்
டிசம்பர் 14, இரவு 8.15

உங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,850 மீட்டர், கோவை 411தான். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. உங்கள் வீட்டில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மாவிலுள்ள ஈரம் சீக்கிரம் ஆவியாக, சர்க்கரை அடர்ந்து, மாவு பிடிப்பதற்குள் பரவுகிறது. சர்க்கரையில் இரண்டு மேசைக்கரண்டி குறையுங்கள், சூட்டை 5 டிகிரி கூட்டுங்கள். வெடிப்புக்கு, மாவைத் தேய்க்குமுன் கையில் வைத்துச் சித்த நேரம் உருட்டுங்கள்.

குன்னூர் குளிர்
டிசம்பர் 16, இரவு 9.00

வாத்தியார் ஐயா, பரவவில்லை. நன்றி. ஐசிங் மட்டும் மூடுபனியில் இரண்டு நாளாக ஈரமாகவே இருக்கிறது. பட்டர்கிரீமுக்கு மாறிவிட்டேன், குளிருக்கு அது உருகாமல் நிற்கிறது.

நொய்யல்
டிசம்பர் 17, இரவு 10.15

செய்தி சொல்ல வந்தேன். வெண்ணெயைப் பிசைந்ததில் அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் வந்தது! முக்கால் கிலோவில் அவ்வளவு. அத்தை பார்த்துவிட்டு, "காசு கொடுத்து தண்ணியா வாங்கியாந்தான் உங்கண்ணன்" என்றார், நான் வாயே திறக்கவில்லை.

நட்சத்திரம் நட்சத்திரமாகவே வந்தது. ஐந்து முனையையும் மகள் எண்ணிப் பார்த்தாள். நடுவில் ஒரு தட்டு போட்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கதவைத் திறக்காமல் அப்படியே விட்டேன், சூட்டிலேயே வெந்திருந்தது, கொஞ்சம் வெளிறிப்போய்.

கொண்டைக்கடலைத் தண்ணீர்தான் காலை வாரிவிட்டது. எவ்வளவு அடித்தும் நுரை நிற்கவில்லை, ஐசிங் பாயசம் மாதிரி ஓடுகிறது. உப்பு போடாமல்தான் வேகவைத்தேன்.

சிங்கை அம்மிணி
டிசம்பர் 17, இரவு 10.40

குக்கரில் தண்ணீர் அதிகம் வைத்திருப்பீர்கள். கடலை மூழ்கி ஒரு விரல் மேலே நின்றால் போதும். வெந்ததும் வடிக்காமல் கடலையோடேயே இராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் வடித்து, சிறு தீயில் சுண்டவையுங்கள். முட்டை வெள்ளை மாதிரி கொழகொழவென்று ஆறிய பிறகு 3 மேசைக்கரண்டி எடுத்து, அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு அடித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக 250லிருந்து 300 கிராம் வரை சேருங்கள். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் நுரைக்காது. தாளித்த பாத்திரம் வேண்டாம், பிளாஸ்டிக்கும் வேண்டாம். கடலை வாடை வெனிலா போட்டால் தெரியாது.

போத்தனூர் ஆன்ட்டி
டிசம்பர் 17, இரவு 11.00

மிக்சியில் பொடித்த சர்க்கரையா கண்ணு? அதில் கப்புக்கு ஒரு தேக்கரண்டி சோளமாவு சேர்த்து அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்துக்கொள். வைத்தியர்கள் வஸ்திரகாயம் செய்வது போலத்தான். சல்லடையில் சலித்தால் நறநறப்பு போகாது, கோன் நுனியும் அடைத்துக்கொள்ளும்.

மஞ்சக்காடு
டிசம்பர் 18, காலை 6.40

கேலி பண்ணிக்கொண்டே படித்ததில் எனக்கும் ஆசை வந்துவிட்டது. கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை போட்டால் வருமா? பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகிறது.

பேக்கரி மாப்ள
டிசம்பர் 18, காலை 9.10

மாவில் போடலாம் அண்ணா, ஐசிங்கில் வேண்டாம். நாட்டுச்சக்கரையில் ஈரம் உண்டு, பிஸ்கட் பழுப்பாக, கொஞ்சம் மெதுவாக வரும், ஓரமும் லேசாகப் பரவும். சர்க்கரையில் பாதியை மட்டும் மாற்றுங்கள், பாலை நிறுத்திவிடுங்கள். சுக்கு ஒரு தேக்கரண்டி, பட்டை கொஞ்சம் போட்டால் வெளிநாட்டுக்காரர் போடும் இஞ்சி பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மேலே வெள்ளைக் கோடு போட்டால் அந்தப் பழுப்பில் நன்றாக எடுக்கும்.

நொய்யல்
டிசம்பர் 23, இரவு 9.30

64 வந்தது. நாலு உடைந்தது, அதை நாங்களே தின்றோம்.

கடலைத் தண்ணீரைச் சுண்டவைத்ததும் ஐசிங் அப்படி நின்றது, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழவில்லை. 20ஆம் தேதி வெயில் அடித்தது, அன்றைக்கே நிரப்பிவிட்டேன். ஃபேனுக்கு அடியில் ஒரு இராத்திரி, மறுநாள் காலையில் தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வந்தது. குல்லாச் சிவப்பு முதலில், தாடி மறுநாள். இந்த முறை தாத்தா வெற்றிலை போடவில்லை. கோலமாவு, உங்கள் விழவிடும் வித்தை எனக்கு வரவில்லை, மகளுக்கு முதல் ஐந்து பிஸ்கட்டிலேயே வந்துவிட்டது. மரத்துக்கெல்லாம் சிக்குக் கோலம் போட்டு வைத்திருக்கிறாள், கிறிஸ்துமஸ் மரம் மாதிரி இல்லை, ஆனால் தடுக்க மனம் வரவில்லை.

ஒரு கண்டம் தப்பியது. 21ஆம் தேதி விடியற்காலை எழுந்து பார்த்தால் ஒரு தட்டு நிறைய எறும்பு. காற்று வேண்டும் என்று மூடாமல் வைத்தேன் அல்லவா, அது வினை. 11 போச்சு. மீதித் தட்டுகளைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்கு நடுவில் கிண்ணம் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன். இங்கே தண்ணீர் என்று எழுதவே பயமாக இருக்கிறது, வாத்தியார் திட்டுவார். 11ஐயும் 22ஆம் தேதி திரும்பப் போட்டேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
டிசம்பர் 23, இரவு 9.48

திட்டவில்லை. ஃபேன் ஓடியது அல்லவா, போச்சாது, பரவாயில்லை. மீந்த மாவு இருந்தால் என்ன செய்வீர்கள் என்று வீட்டில் கேட்கச் சொல்கிறார்கள்.

சிங்கை அம்மிணி
டிசம்பர் 23, இரவு 10.02

தட்டையாக்கி இரண்டு கவருக்குள் சுற்றி ஃப்ரீசரில் போட்டால் ஒரு மாதம் தாராளமாக இருக்கும் ஐயா. முதல் நாள் இராத்திரி கீழே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டால் காலையில் தேய்க்கலாம். பொங்கலுக்கு ஒறம்பரை (விருந்தாளிகள்) வரும்போது கரும்பு, பானை என்று வெட்டுங்கள்.

நொய்யல்
டிசம்பர் 26, காலை 11.20

பக்கத்து வீட்டு அக்கா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "எந்தக் கடையில் வாங்கினீங்க?" மகள் பதில் சொல்லவில்லை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கோலம் போட்ட மரத்தைத் தனியாக எடுத்துக் குடிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

நேற்று எங்கள் தட்டு திரும்பி வந்தது, அச்சு முறுக்கோடு. கூடவே ஒரு பித்தளை அச்சும். "அடுத்த வருஷம் நீ இதைக் கத்துக்கோ" என்று சொல்லிக் கொடுத்தார். ஆன்ட்டி, எண்ணெயில் விட்டுப் பார்த்தேன், மாவு அச்சைவிட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது.

போத்தனூர் ஆன்ட்டி
டிசம்பர் 26, மதியம் 12.05

புது அச்சா? இரண்டு நாள் அரிசிக் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போடு. துடைத்து, காய்ந்த எண்ணெயில் அரை மணி நேரம் கிடக்கவிடு. ஒவ்வொரு முறையும் அச்சு எண்ணெயிலேயே காய்ந்திருக்க வேண்டும். மாவில் முக்கால் பங்குதான் முக்க வேண்டும், மேல் விளிம்பு மூழ்கினால் இறங்காது. முட்டைக்குப் பதில் தேங்காய்ப் பால் ஊற்றிக் கரைத்துக்கொள், உங்கள் வீட்டு மாலைக்கும் பிரச்சினை இல்லை.